'எல்லா சைக்கிளுக்கும் பொருந்தும்' என்று சொல்லி என் தலையில் கட்டியது

குழந்தைக்குச் சைக்கிள் சீட் வாங்கப் போகிறவர்கள், கடைக்குக் கிளம்பும் முன் உங்கள் பின் கேரியரைக் குனிந்து ஒருமுறை பாருங்கள். எங்காவது ஓர் ஓரத்தில் எத்தனை கிலோ தாங்கும் என்று பொறித்திருக்கும். என் கேரியரில் இருந்த எண் 10. அதை நான் பார்த்தது, என் மகளை அதன்மேல் உட்காரவைத்து மூன்று வாரம் ஓட்டிய பிறகு.

சின்னவளுக்கு இரண்டரை வயது, 13 கிலோ. பெரியவனுக்கு ஐந்தரை. இரண்டு பேரையும் ஒரே சைக்கிளில் கூட்டிக்கொண்டு போக வேண்டும் என்பது என் ஆசை. கடையில் அதைச் சொன்னதும் விற்பனையாளர் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. "சின்னதுக்குப் பின்னாடி சீட், பெரியவருக்கு டேக்-அலாங். ரெண்டையும் ஒண்ணா மாட்டிக்கலாம் மேடம். எல்லா சைக்கிளுக்கும் பொருந்தும்." டேக்-அலாங் என்பது முன்சக்கரம் இல்லாத குட்டிச் சைக்கிள். அதன் நீண்ட கையை நம் சைக்கிளின் சீட் போஸ்ட்டில், அதாவது நாம் உட்காரும் இருக்கையைத் தாங்கும் கம்பியில், கோத்துவிட்டால் பிள்ளையும் பின்னால் பெடல் மிதித்துக்கொண்டு வரலாம். கேட்கவே நன்றாக இருந்தது. வாங்கிவிட்டேன்.

வெளியே நிறுத்தியிருந்த என் சைக்கிளை அவர் ஏற இறங்கக்கூடப் பார்க்கவில்லை. அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

சீட்டைக் கடையிலேயே கேரியர்மேல் பூட்டிக் கொடுத்தார்கள். டேக்-அலாங்கைப் பெட்டியோடு தந்து, "ரெண்டு போல்ட்தான், வீட்டிலேயே மாட்டிடலாம்" என்றார்கள். வீட்டுக்கு வந்து பெட்டியைப் பிரித்தால், அந்தக் கை போக வேண்டிய இடத்தில்தான் குழந்தை சீட் உட்கார்ந்திருக்கிறது. இரண்டும் பின்சக்கரத்துக்கு மேலேதான் வரும், வேறு வழியே இல்லை. பெட்டிக்குள் இருந்த கையேட்டின் மூன்றாம் பக்கத்தில், குழந்தை சீட்டோடு சேர்த்து மாட்டக்கூடாது என்று படம் போட்டுப் பெருக்கல் குறியே போட்டிருந்தார்கள்.

சரி, தனியாகவாவது பயன்படட்டும் என்று சீட்டைக் கழற்றிவிட்டு மாட்டிப் பார்த்தேன். என் சீட் போஸ்ட் 27.2 மி.மீ. டேக்-அலாங்கின் கை அதைக் கவ்விப் பிடிக்கும் கிளாம்ப் அதைவிடப் பெரியது. இடையில் வைக்கக் கொடுத்திருந்த பிளாஸ்டிக் வளையம் எவ்வளவு முறுக்கினாலும் லூஸாகவே நின்றது. பையன் ஒரு பக்கம் சாய்ந்தால் அவன் வண்டி முழுவதும் அந்தப் பக்கம் சாய்ந்து, என் சைக்கிளையும் சேர்த்து இழுத்தது. தெருமுனை வரை போய்த் திரும்பினோம். அதோடு சரி.

சீட்டை மறுபடி மாட்டிக்கொண்டேன். ஓட்டும்போது பின்பக்கம் வால்போல் ஆடிக்கொண்டே இருந்தது. கடைக்குப் போன் செய்தால், "புதுசுல அப்படித்தான் இருக்கும், பழகிடும்." பழகியும்விட்டது, அதுதான் பயங்கரம். பஞ்சர் ஒட்டப் போன இடத்தில் ரிப்பேர் செய்கிற பெரியவர் கேரியரின் கால் ஒட்டு வைத்த இடத்தைத் தடவிப் பார்த்து, "அம்மா, இங்க கீறல் விட்டிருக்கு" என்றார். முடி அகலத்தில் ஒரு கோடு. அப்புறம் அந்த 10 என்ற எண்ணையும் அவர்தான் விரல் வைத்துக் காட்டினார்.

சீட்டின் எடை நாலரை கிலோ. பிள்ளையோடு சேர்த்தால் பதினேழரை. "22 கிலோ வரை தாங்கும்" என்று கடைக்காரர் சொன்னது பொய் இல்லை. சீட்டில் ஐரோப்பியத் தரமான இ.என். 14344 ஸ்டிக்கர் இருந்தது. அதன்படி பின் சீட்டில் 9 முதல் 22 கிலோ வரை ஒரு வகை உண்டு. ஆனால் அது சீட்டின் கணக்கு, என் கேரியரின் கணக்கு இல்லை. கேரியர்மேல் பூட்டும் சீட்டுகளுக்குப் பல தயாரிப்பாளர்கள் 25 அல்லது 27 கிலோ தாங்கும் கேரியர் கேட்கிறார்கள். வாலாட்டத்துக்கும் காரணம் கிடைத்தது. சீட்டின் பக்கவாட்டில் எடை மையம் என்று ஒரு குறி இருக்கும். அது பின்சக்கரத்தின் அச்சைத் தாண்டி 10 செ.மீ.க்கு மேல் பின்னால் போகக்கூடாது என்று கையேட்டிலேயே இருக்கிறது. எனக்கு ஒரு சாண் தள்ளிப் பூட்டியிருந்தார்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். நான் உட்காரும் இருக்கைக்கு அடியில் சுருள் ஸ்பிரிங் இருக்கிறது. நான் உட்கார்ந்து எழும்போது பின்னால் இருக்கும் குழந்தை அதில் விரலை விட்டால் நசுங்கிவிடும். அதற்கு மூடி போட வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. அன்று நான் நிற்கும்போதே எட்டு மாதக் கைக்குழந்தையோடு வந்த ஒருவருக்கும் இதே சீட்டைக் காட்டினார்கள். ஒரு வயது முடியாத குழந்தையைச் சைக்கிளில் ஏற்றவே கூடாது என்பது அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கத்தின் அறிவுரை. கழுத்துக்கு அந்த வயதில் ஹெல்மெட்டின் பாரத்தையும் குலுக்கலையும் தாங்கும் வலு இருக்காது. அவர் வாங்கினாரா தெரியாது. அன்று எனக்கே இது தெரியாது, தெரிந்திருந்தால் வாயைத் திறந்திருப்பேன்.

திருப்பிக் கொடுக்கப் போனபோது கதை மாறியது. சீட் "பூட்டி ஓட்டியாச்சு", டேக்-அலாங் "பெட்டி பிரிச்சாச்சு". இரண்டையும் சேர்த்து மாட்டலாம் என்று சொன்னீர்களே என்றால், "நான் அப்படிச் சொல்லலையே மேடம்." பில்லை எடுத்துக் காட்டினேன். அதில் "சைக்கிள் பாகங்கள் - 2" என்று மட்டும்தான் எழுதியிருந்தது. மாடல் பெயரும் இல்லை, என் சைக்கிளுக்குப் பொருந்தும் என்ற வார்த்தையும் இல்லை. நீங்கள் வாங்கினால் இரண்டையும் எழுதி வாங்குங்கள். எழுத மறுத்தால் அதுவே பதில்.

இப்போது கேரியரே தேவைப்படாத, ஃபிரேமில் சீட் போஸ்ட் இறங்கும் குழாயைக் கவ்விப் பிடிக்கும் வகைச் சீட் போட்டிருக்கிறேன். அதற்கும் குழாயின் தடிமன் பார்க்க வேண்டும். பல மாடல்களில் 28 முதல் 40 மி.மீ. வரைதான், கார்பன் ஃபிரேமில் கூடாது. ஆடுவதில்லை. சைடு ஸ்டாண்டை நம்பிக் குழந்தையை மேலே வைத்துவிட்டு நகர்வதில்லை என்பது நானே கற்றுக்கொண்டது. பெரியவன் தன் சொந்தச் சைக்கிளில் எனக்கு முன்னால் போகிறான், நான் அவன் வேகத்துக்கு ஓட்டுகிறேன்.

டேக்-அலாங் பெட்டியோடு மாடிப்படிக்கு அடியில் கிடக்கிறது. தெரிந்தவர் ஒருவர் கேட்டார். அந்த வளையம் ஆடிய ஆட்டத்தை நினைத்தால் இன்னொரு வீட்டுப் பிள்ளையை அதில் ஏற்ற மனம் வரவில்லை, கொடுக்கவில்லை.