பழைய டோர்ச்சுக்கு எல்இடி பல்பா, 18650 செல்லா?

லயத்து வீடுகளில் இன்னும் கிடக்கிற, இரண்டு பெரிய பேட்டரி போடும் தகர டோர்ச்சைத் தேற்ற இரண்டு வழி இருக்கிறது. லேசான வழி, பழைய பல்பைக் கழற்றிவிட்டு அதே அடிப்பாகமுள்ள எல்இடி பல்பைப் போடுவது. சோல்டரிங் அயன் கூட வேண்டாம். 3 வோல்ட்டுக்கானதா என்று மட்டும் பார்த்து வாங்குங்கள். வெள்ளை எல்இடிக்கே கிட்டத்தட்ட 3 வோல்ட் வேண்டும், அதனால் வோல்ட்டேஜை உயர்த்தும் சர்க்யூட் உள்ளே இல்லாத பல்பு, பேட்டரி இறங்க இறங்க மங்கிவிடும்.

18650 என்ற, திரும்பத் திரும்ப சார்ஜ் போடக்கூடிய லித்தியம் செல் வழியில்தான் வேலையும் இருக்கிறது, விளையாட்டும் இருக்கிறது. செல்லின் குறுக்களவு 18 மில்லிமீட்டர், பெரிய பேட்டரிக்கோ 33, சும்மா போட்டால் கடகடவென்று ஆடும். பிவிசி பைப் துண்டை உறையாக்கி, மிச்ச நீளத்துக்குப் பித்தளை போல்ட் ஒன்றை வையுங்கள். முழு சார்ஜில் 4.2 வோல்ட் என்பதால் நடுவில் ட்ரைவர், அதாவது எல்இடிக்குப் போகும் கரண்டை அளவோடு வைக்கும் சர்க்யூட், கட்டாயம். எல்இடியை செப்புத் தகட்டில் உட்காரவைத்து சூட்டை டோர்ச்சின் உடம்புக்குக் கடத்த வேண்டும். ரிஃப்ளெக்டரில் உயரம் கொஞ்சம் பிசகினாலும் வெளிச்சத்தின் நடுவில் கருப்பாக ஓர் ஓட்டை விழும், அதைச் சரிசெய்யவே ஒரு மாலை போய்விடும்.

ஆனால் நுவரெலியாப் பக்கம் பனிமூட்டம் இறங்கினால் அத்தனை வெளிச்சமும் திரும்பி முகத்தில்தான் அடிக்கும், டோர்ச்சை இடுப்புக்குக் கீழே பிடித்தால் பரவாயில்லை. கரண்ட் போன இரவில் அம்மா எடுக்கும் டோர்ச் என்றால் பல்பே போதும், பேட்டரி தோட்டத்துக் கடையிலேயே கிடைக்கும். பொழுதுபோக்குக்கு என்றால் 18650தான். பழைய லேப்டாப் செல்லாக இருந்து 2.5 வோல்ட்டுக்குக் கீழே இறங்கிக் கிடந்தால் மட்டும் சார்ஜ் போடாதீர்கள்.