"ஓட்டுநரே உரிமையாளர்" நோட்டீஸைப் பார்த்து லாரி எடுக்கப் போகிறவர்களுக்கு

மேட்டுப்பாளையம் மண்டிப் பக்கமும், குன்னூர், ஊட்டி லாரி ஸ்டாண்டுகளிலும் இந்த நோட்டீஸைப் பார்த்திருப்பீர்கள். "ஓட்டுநரே உரிமையாளர். முன்பணம் 1,50,000 மட்டும். லோடு நாங்களே தருகிறோம். மூன்று வருடத்தில் வண்டி உங்கள் பெயரில்." அதை நம்பி வண்டி எடுத்தவன் நான். 19 மாதம் டியூ கட்டினேன். இன்று வண்டியும் இல்லை, கட்டிய பணமும் இல்லை. மனு கொடுத்திருப்பதால் கம்பெனி பெயரை எழுத வேண்டாம் என்று வக்கீல் சொல்லியிருக்கிறார். ஆனால் நடந்ததை எழுதலாம் என்றார். அதனால் எழுதுகிறேன்.

எனக்கு ஊர் கேத்திப் பக்கம். ஒன்பது வருடம் ஒரு தேயிலை ஃபேக்டரி லாரி ஓட்டினேன். மாதம் 18,000 சம்பளம், போக ட்ரிப் பேட்டா. சொந்தமாக ஒரு வண்டி வேண்டும் என்பது டிரைவர் சீட்டில் உட்கார்ந்த எல்லோருக்கும் உள்ள ஆசைதான். பேங்கில் கேட்டால் வருமானத்துக்குக் காகிதம் கேட்டார்கள், ஜாமீன் கேட்டார்கள். இவர்கள் எதுவும் கேட்கவில்லை. மனைவியின் நகையைக் கூட்டுறவு பேங்கில் அடகு வைத்து ஒன்றரை லட்சத்தைக் கட்டினேன். கையெழுத்து மட்டும் போட்ட மூன்று வெற்றுச் செக்கும் வாங்கிக்கொண்டார்கள். "சும்மா ஃபார்மாலிட்டி தம்பி" என்றார் மேனேஜர்.

வண்டி 14 அடி, ஏற்கெனவே ஓடிய வண்டி. முன்கண்ணாடிக்கு மேலே யாரோ ஒருவரின் பெயரைச் சுரண்டி எடுத்த தடம் இருந்தது. கேட்டதற்கு, "முன்னாடி ஓட்டினவர் வேற தொழிலுக்குப் போயிட்டார்" என்றார்கள். அந்தத் தடத்தின் மேலேயே என் மகளின் பெயரை ஸ்டிக்கராக ஒட்டினேன். அப்போதே ஒரு நிமிடம் நின்று யோசித்திருக்க வேண்டும்.

ஒப்பந்தம் ஏழு பக்கம், முழுக்க இங்கிலீஷ். நான் பார்த்தது இரண்டே எண்கள்தான். முன்பணம் எவ்வளவு, மாத டியூ எவ்வளவு. டியூ 27,000, 36 மாதம். பிறகு ஒரு நாள் வக்கீல் அக்கா அதை வரிவரியாகத் தமிழில் சொன்னபோதுதான் எதில் கையெழுத்துப் போட்டிருக்கிறேன் என்று தெரிந்தது. அதில் எந்த இடத்திலும் வண்டியை எனக்கு விற்பதாக ஒரு வார்த்தை இல்லை. நான் டியூ என்று நினைத்துக் கட்டியது வண்டியைப் பயன்படுத்துவதற்கான கட்டணம். ஒன்றரை லட்சம் "பாதுகாப்பு வைப்பு", அதில் எதை வேண்டுமானாலும் கழித்துக்கொள்ளலாம். கம்பெனி தரும் லோடைத் தவிர வெளி லோடு ஏற்றக் கூடாது. இரண்டு மாதம் பாக்கி வைத்தால் வண்டியை எடுத்துக்கொள்வார்கள். 36 மாதம் முடிந்த பிறகு வண்டியை என் பெயருக்கு மாற்றுவது "கம்பெனியின் விருப்பத்தைப் பொறுத்தது".

முதல் ஏழெட்டு மாதம் ஓட்டம் நன்றாகவே இருந்தது. பாலாடா, நஞ்சநாடு பக்கம் கேரட், பீட்ரூட், உருளைக்கிழங்கு ஏற்றிக்கொண்டு குன்னூர் வழியாக மேட்டுப்பாளையம் இறங்குவேன். திரும்பும்போது உரமோ அரிசியோ கிடைக்கும். 14 கொண்டை ஊசி வளைவையும் இரண்டாவது கியரிலேயே பிடித்து இறக்கி, விடிவதற்குள் மண்டியில் நிற்க வேண்டும். அந்த வேலை எனக்குப் பிடிக்கும். ஆனால் மாதக் கடைசியில் வரும் ஸ்லிப்பைப் பார்த்தால் தூக்கம் போய்விடும்.

ஒரு நல்ல மாதத்தின் ஸ்லிப் இப்போதும் என்னிடம் இருக்கிறது. 22 ட்ரிப், ட்ரிப்புக்கு 4,200 வீதம் 92,400 ரூபாய். அதில் கம்பெனி கமிஷன் 9,240. அவர்கள் சொல்லும் பெட்ரோல் பங்கில் அடித்த டீசல் 31,500. டியூ 27,000. இன்சூரன்ஸுக்கு என்று 4,500, டயர் ஃபண்டுக்கு 3,000, ஜிபிஎஸ் வாடகை 750, ஆபீஸ் செலவு 1,000, வருமான வரிக்கு என்று டிடிஎஸ் 924. எல்லாம் போக என் கணக்கில் விழுந்தது 14,486. அதில் கிளீனருக்கு ட்ரிப்புக்கு 400 வீதம் 8,800 கொடுத்தேன். வீட்டுக்குக் கொண்டுபோனது 5,686 ரூபாய். ஒருவேளை பிரேக் லைனிங் மாற்ற வேண்டியிருந்தால் அதுவும் இல்லை. மலை இறக்கத்தில் ஓடும் வண்டிக்கு லைனிங் எவ்வளவு சீக்கிரம் தேயும் என்று இந்த ரோட்டில் ஓட்டுகிறவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

மூன்று வருடம் பல்லைக் கடித்துக்கொண்டு ஓட்டினால் வண்டி நமதாகிவிடுமே என்றுதான் நானும் மனைவியும் பேசிக்கொள்வோம்.

அப்புறம் பிடித்தங்கள் கூட ஆரம்பித்தன. ஒரு தடவை ஊட்டியிலிருந்து மைசூருக்குத் தேயிலை லோடு. காலை பத்து மணிக்கே வண்டியை கோடவுனில் நிறுத்திவிட்டேன். ஏற்றி முடித்து, சரக்கோடு கொண்டுபோக வேண்டிய ஈ-வே பில்லைக் கையில் கொடுக்கும்போது சாயங்காலம் ஆறரை. மைசூர் போகும் பந்திப்பூர் காட்டு ரோடு ராத்திரி ஒன்பதிலிருந்து காலை ஆறு வரை மூடியிருக்கும் என்பது எல்லோருக்கும் தெரிந்த விஷயம், 2009-லிருந்து அப்படித்தான். பைக்காரா, நடுவட்டம் இறங்கி, கூடலூர் தாண்டி, லோடு வண்டியோடு ஒன்பதுக்குள் கர்நாடக எல்லையில் உள்ள கக்கநல்லா செக்போஸ்ட் போய்ச் சேர முடியுமா? வழியிலேயே வண்டியை ஓரம் கட்டிப் படுத்து, காலையில் கேட் திறந்ததும் போனேன். அந்த மாத ஸ்லிப்பில் "லேட் டெலிவரி 2,000". போனில் கேட்டேன். "பார்ட்டி பணத்தைப் பிடிச்சிட்டாங்க தம்பி, நாங்க என்ன பண்றது" என்று முடித்துவிட்டார்கள்.

பத்தாவது மாதம் டயர் மாற்ற வேண்டியிருந்தது. ஃபண்டில் 30,000 சேர்ந்திருக்குமே, அதில் இரண்டு டயர் வாங்கித் தாருங்கள் என்று போய் நின்றேன். அது வண்டியைத் திருப்பி ஒப்படைக்கும்போதுதான் கணக்குப் பார்க்கப்படும் என்றார்கள். சரி, இதுவரை பிடித்ததற்கெல்லாம் எழுத்தில் கணக்குக் கொடுங்கள் என்று கேட்டேன். சத்தம் போடவில்லை, மரியாதையாகத்தான் கேட்டேன்.

அதற்கு அடுத்த வாரத்திலிருந்து என் லோடு குறைந்தது. "இன்னைக்கு இல்லை, நாளைக்குப் பாருங்க." எனக்குப் பின்னால் வந்து நின்ற வண்டிகள் ஏற்றிக்கொண்டு போகும். வெளியே லோடு தேடினால் ஒப்பந்தத்தை மீறியதாகிவிடும். ஐப்பசி மழையில் மண் சரிந்து ரோடு அடைபட்ட நாட்கள் வேறு. அப்படி ஒரு மாதம் 11 ட்ரிப்தான் ஓடினேன். வரவு 46,200. கமிஷன், டீசல், டிடிஎஸ் மூன்றும் பாதியாகக் குறைந்தன. ஆனால் டியூ, இன்சூரன்ஸ், டயர், ஜிபிஎஸ், ஆபீஸ் செலவு என்ற 36,250 மட்டும் ஒரு ரூபாய்கூடக் குறையவில்லை. ஸ்லிப்பின் கடைசி வரியில் "பாக்கி 10,882" என்று இருந்தது. மாதம் முழுக்க வேலை பார்த்துவிட்டுக் கம்பெனிக்கு நான் கடன்காரன். அந்தப் பாக்கிக்கு மாதம் நூற்றுக்கு மூன்று வட்டி.

நண்பர்களே, இந்த இடத்தைக் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள். சாதாரண ஃபைனான்ஸில் வண்டி எடுத்தால் கடன் கொடுத்தவன் வேறு, லோடு கொடுக்கிறவன் வேறு. ஒருவன் லோடு தராவிட்டால் அடுத்த புக்கிங் ஆபீஸில் போய் நிற்கலாம், டியூவை எப்படியாவது கட்டிவிடலாம். இங்கே டியூ கேட்பவனும் லோடு கொடுப்பவனும் ஒரே ஆள். உங்களைப் பாக்கிக்காரன் ஆக்க வேண்டும் என்று அவன் நினைத்துவிட்டால் இரண்டு மாதம் லோடை நிறுத்தினால் போதும். எனக்கு நடந்தது அதுதான்.

என்னைப் போலவே வண்டி எடுத்த கூடலூர்க்காரர் ஒருவரின் வண்டி நடுவட்டம் இறக்கத்தில் பள்ளத்துப் பக்கம் சாய்ந்து அவருக்குக் கால் முறிந்தது. கம்பெனியில் உதவி கேட்டோம். "நீங்க எங்க ஸ்டாஃப் இல்லையே, நீங்கதானே ஓனர்" என்றார்கள். சரி, ஓனர் என்றால் பாலிசியில் ஓனர்-டிரைவர் விபத்துக் காப்பீடு 15 லட்சம் உண்டே என்று ஒருவர் எடுத்துக் கொடுத்தார். விசாரித்தால், ஆர்சியில், அதாவது வண்டியின் பதிவுச் சான்றில், பெயர் உள்ளவர் தானே ஓட்டும்போதுதான் அது பொருந்தும். ஆர்சி கம்பெனி பெயரில். சம்பளமும் சிகிச்சையும் கேட்டால் நாங்கள் ஓனர், ஆர்சி கேட்டால் நாங்கள் வெறும் டிரைவர். வண்டிக்கு வந்த கிளெய்ம் பணமும் கம்பெனி கணக்குக்குத்தான் போனது. அவர் இன்னும் கம்பு ஊன்றித்தான் நடக்கிறார்.

இருபதாவது மாதம், "சர்வீஸ் பண்ணித் தரோம், வண்டியை யார்டுக்குக் கொண்டுவாங்க" என்று போன். நிறுத்தினேன், சாவியை வாங்கிக்கொண்டார்கள். பாக்கி அறுபதாயிரத்துக்கு மேல் இருக்கிறது, கட்டிவிட்டு எடுத்துக்கொள் என்றார்கள். என் தார்ப்பாயும் கயிறும் ஸ்டெப்னியும் வண்டிக்குள்ளேயே இருந்தன. நான் சத்தம் போட்டதும், கொடுத்து வைத்த மூன்று செக்கையும் ஞாபகப்படுத்தினார்கள், பவுன்ஸ் கேஸ் போடுவோம் என்று. 19 டியூ 5,13,000. முன்பணத்தோடு 6,63,000. பஸ் ஏறி வீட்டுக்கு வந்தேன்.

மூன்று வாரம் கழித்துத் தெரியாத நம்பரிலிருந்து ஒரு போன். "அண்ணா, இந்த வண்டியில கிளட்ச் பிளேட் கடைசியா எப்ப மாத்துனீங்க?" டூல்ஸ் பெட்டியில் நான் எழுதி வைத்திருந்த சர்வீஸ் நோட்டில் என் நம்பரைப் பார்த்திருக்கிறார். கோத்தகிரிப் பக்கத்துத் தம்பி, கல்யாணமாகி ஆறு மாதம். ஒன்றரை லட்சம் கட்டியிருக்கிறார். முன்கண்ணாடிக்கு மேலே என்ன இருக்கிறது என்று கேட்டேன். "ஏதோ பேரைச் சுரண்டியிருக்காங்கண்ணா, ஸ்டிக்கர் மாத்தணும்" என்றார். எனக்குச் சிறிது நேரம் பேச்சு வரவில்லை. அப்புறம் எல்லாவற்றையும் சொன்னேன்.

அதற்குப் பிறகு நான் தெரிந்துகொண்டவற்றை, எடுப்பதற்கு முன்பே நீங்கள் தெரிந்துகொள்ளுங்கள். அரசின் பரிவாகன் தளத்திலோ எம்-பரிவாகன் ஆப்பிலோ வண்டி நம்பரைப் போட்டால் எஃப்சி என்கிற தகுதிச் சான்று, இன்சூரன்ஸ், பெர்மிட் எதுவரை, எந்த ஃபைனான்ஸில் அடமானம் என்பதெல்லாம் வந்துவிடும். நான் போட்டுப் பார்த்தபோது ஒரு பேங்கின் பெயர் வந்தது. அதாவது கம்பெனியே அந்த வண்டி மேல் கடன் வாங்கியிருக்கிறது. நான் ஒழுங்காகக் கட்டி, அவர்கள் பேங்குக்குக் கட்டாமல் விட்டிருந்தாலும் வண்டி போயிருக்கும்.

மோட்டார் வாகனச் சட்டம் 1988-இல் பிரிவு 2(30) இருக்கிறது. தவணை முறையிலோ குத்தகையிலோ அடமானத்திலோ உள்ள வண்டிக்கு, அந்த ஒப்பந்தப்படி வண்டியைக் கையில் வைத்திருப்பவரையே உரிமையாளராக அது சொல்கிறது. அப்படிப்பட்ட ஒப்பந்தத்தை ஆர்சியிலேயே பதியலாம், அதற்குப் பிரிவு 51. எங்கள் காகிதத்தில் தவணை, குத்தகை என்ற வார்த்தைகளையே ஏன் தவிர்த்திருந்தார்கள் என்பது அக்கா இதை விளக்கியபோதுதான் புரிந்தது. உண்மையாகவே உங்களுக்கு வண்டி தர நினைக்கிறவர், உங்கள் பெயரில் ஆர்சி போட்டு, தன் பெயரை அடமானமாகப் பதிந்துகொள்வார். கடன் முடிந்ததும் அடமானத்தை நீக்கும் படிவம் 35-ம், ஆட்சேபணை இல்லை என்கிற என்ஓசி-யும் கொடுப்பார். "கடைசியில் மாற்றித் தருகிறோம்" என்பவரிடம், எந்தத் தேதியில் பெயர் மாற்றத்துக்கான படிவம் 29, 30-இல் கையெழுத்துப் போடுவீர்கள், பெர்மிட்டையும் சேர்த்து மாற்றுவீர்களா என்று எழுத்தில் கேளுங்கள். வெளி லோடு ஏற்றக் கூடாது என்ற வரி இருந்தால் எழுந்து வந்துவிடுங்கள். வெற்றுச் செக் கொடுக்கவே கொடுக்காதீர்கள்.

டிடிஎஸ் பிடித்தார்கள் என்று சொன்னேன் அல்லவா, வருமான வரித் தளத்தில், நம் பான் நம்பரில் கட்டப்பட்ட வரியைக் காட்டும் 26ஏஎஸ் தாளை எடுத்துப் பார்த்தேன். என் பான் நம்பரில் ஒரு ரூபாய்கூட ஏறவில்லை. எங்கள் மனுவில் இது முக்கியமான தாள் என்கிறார் அக்கா. ஏற்கெனவே மாட்டியிருப்பவர்களும் இன்றைக்கே எடுத்துப் பாருங்கள். ஸ்லிப், ட்ரிப் ஷீட், பங்க் பில், வாட்ஸ்அப்பில் "லோடு இல்லை" என்று வந்த மெசேஜ் எதையும் அழிக்காதீர்கள். சர்வீஸ் என்று யார்டுக்குக் கூப்பிட்டால் தனியாகப் போகாதீர்கள், வண்டியை விடுவதாக இருந்தால் உள்ளே இருக்கும் பொருளுக்கெல்லாம் எழுதி வாங்குங்கள். வக்கீல் வைக்கப் பணம் இல்லையே என்று நானும் இரண்டு மாதம் சும்மா இருந்தேன். ஊட்டியில் மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழு இருக்கிறது, 15100 என்ற நம்பரில் கூப்பிட்டும் கேட்கலாம். வருமானம் குறைந்தவர்களுக்கு இலவசமாகவே வக்கீல் தருகிறார்கள்.

நான் இப்போது பழையபடி சம்பளத்துக்கு ஓட்டுகிறேன். நகை இன்னும் அடகில்தான். கோத்தகிரித் தம்பி மூன்றாவது டியூவோடு நிறுத்திவிட்டார், முன்பணம் திரும்பவில்லை. கூடலூர்க்காரரையும் சேர்த்து மூன்று பேரின் ஸ்லிப்புகளையும் ஒரே ஃபைலில் வைத்து மனு கொடுத்திருக்கிறோம். மூன்றிலும் அதே டயர் ஃபண்ட், அதே ஆபீஸ் செலவு, அதே லேட் டெலிவரி. என் வண்டியில் எனக்கு முன்னால் ஓட்டியவரை இன்னும் தேடிக்கொண்டிருக்கிறோம். 14 அடி வண்டி, டிஎன் 43 நம்பர், முன்கண்ணாடிக்கு மேலே சிவப்பு எழுத்தில் பெயர் இருந்திருக்கும். அது நீங்களாக இருந்தாலோ, இதே போன்ற ஸ்லிப் உங்களிடம் இருந்தாலோ, குன்னூர் லாரி ஸ்டாண்டுக்கு வாருங்கள். சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் எங்கள் மூவரில் ஒருவராவது அங்கே இருப்போம்.