ஆர்கெரிச்சா, யூஜா வாங்கா? இரண்டு முதல் இசைத்தட்டுகள்

2007 மார்ச்சில் பாஸ்டன் சிம்பொனி இசைக்குழுவோடு சைக்கோவ்ஸ்கியின் முதல் பியானோ கான்செர்ட்டோவை வாசிக்க வேண்டியவர் புகழ்பெற்ற பியானோ கலைஞர் மார்த்தா ஆர்கெரிச். அவர் வரவில்லை. அவர் இடத்தில் உட்கார்ந்தவர் 20 வயது யூஜா வாங், பிலடெல்பியாவின் கர்ட்டிஸ் இசைப்பள்ளியில் அப்போது மாணவி. அதிலிருந்து இருவரையும் சேர்த்துப் பேசுவது வழக்கமாகிவிட்டது. வேகமாக வாசிக்கும் பெண் வந்தாலே ‘அடுத்த ஆர்கெரிச்’ என்று பட்டம் கட்டுவது சோம்பேறித்தனம்தான். ஆனால் முதல் தட்டுகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் கேட்பதில் அர்த்தம் உண்டு. இரண்டும் டாய்ச் கிராமபோன் நிறுவனத்தின் வெளியீடு. இரண்டிலும் ரொமான்டிக் காலமும் (19ஆம் நூற்றாண்டு இசை) 20ஆம் நூற்றாண்டும் கலந்திருக்கின்றன.

ஆர்கெரிச் ஹனோவரில் பதிவு செய்தது 1960இல், 19 வயதில். 16 வயதிலேயே பொல்சானோவின் புசோனி போட்டியையும் ஜெனீவா போட்டியையும் ஒரே ஆண்டில் வென்றிருந்தார். தட்டில் இருப்பவை ஷோப்பனின் மூன்றாவது ஸ்கெர்ட்சோவும் (துடிப்பான துண்டு) பார்கரோலும் (படகுப் பாட்டு), பிராம்ஸின் இரண்டு ராப்சடிகள் (கட்டற்ற வடிவத் துண்டுகள்), புரோகோஃபியேவின் டொக்காட்டா (விரல் வேகத்தைக் காட்டும் துண்டு), ராவெலின் ‘ஜு தோ’ (நீர் விளையாட்டு), லிஸ்டின் ஆறாவது ஹங்கேரியன் ராப்சடி. எல்லாம் தனித்தனித் துண்டுகள். ஒன்றுக்கொன்று தொடர்பு தேடினால் கிடைக்காது.

டொக்காட்டாவை மட்டும் கேட்டாலே போதும். ஒரே சுரத்தை இரண்டு கைகளும் மாறி மாறித் தட்டுவதில் தொடங்கும் படைப்பு அது. பலர் வாசிக்கும்போது இயந்திரம் ஓடுவது போலிருக்கும். இங்கே இயந்திரத்துக்கு உயிர் வந்து, கொஞ்சம் மிரண்டும் போயிருக்கிறது. அடுத்ததாக ராவெலைப் போடுங்கள். அதே விரல்களா என்று சந்தேகம் வரும், அவ்வளவு ஈரம். பார்கரோல்தான் எனக்கு ஒட்டவில்லை, படகு அவசரப்படுகிறது. லிஸ்ட் ராப்சடியின் கடைசி ஆக்டேவ்களை (ஒரே சுரத்தை இரண்டு ஸ்தாயியில் சேர்த்து அடிப்பது) பற்றிச் சொல்லவே வேண்டாம்.

யூஜா வாங்கின் தட்டு 2009இல் வந்தது. இது திட்டம் போட்டுக் கோத்த மாலை. ஷோப்பனின் இரண்டாவது சோனாட்டா (தனிக் கருவிக்கான பெரிய படைப்பு), 20ஆம் நூற்றாண்டு இசையமைப்பாளர் லிகெட்டியின் எட்யூட் (பயிற்சித் துண்டு) ஒன்று, ஸ்க்ரியாபினின் இரண்டாவது சோனாட்டா, மறுபடி ஒரு லிகெட்டி, கடைசியில் லிஸ்டின் பி மைனர் சோனாட்டா. மூன்று பெரிய சோனாட்டாக்களுக்கு நடுவே லிகெட்டி எலுமிச்சைச் சாறு மாதிரி வேலை செய்கிறார். ‘ஃபேன்ஃபேர்ஸ்’ எட்யூடில் 3+2+3 என்ற எட்டுச் சுர அடுக்கு நிற்காமல் ஓட, மேலே வேறொரு கணக்கில் ஊதுகொம்பு ஒலிகள் வரும். எந்தக் கணக்கும் இங்கே கலங்கவில்லை.

‘நவீனம்’ என்பதை எடுத்துக்கொண்டால் வாங்கின் தேர்வுதான் துணிச்சல். ஆர்கெரிச் வாசித்த டொக்காட்டா 1912இல் எழுதியது, அப்போதே 48 வயது அதற்கு. லிகெட்டியின் முதல் எட்யூடுகள் வெளிவந்ததோ 1985இல்தான். ஆனால் ஷோப்பன் சோனாட்டாவின் இறுதி ஊர்வலப் பகுதியில் வாங் ரொம்பவே நல்ல பிள்ளையாக நடந்துகொள்கிறார். துக்கத்தின் கனம் இல்லை. அதற்கு அப்புறம் வரும் கடைசிப் பகுதியில், இரண்டு கைகளும் ஒரே கோட்டை ஆக்டேவ் இடைவெளியில் இழுத்துக்கொண்டு ஓடும் அந்த ஒன்றரை நிமிடத்தில், கணக்கைத் தீர்த்துவிடுகிறார்.

சரி, நேருக்கு நேர் மோதும் இடம் ஏதாவது உண்டா? பின்னாளில் குறுந்தகடாக வந்தபோது ஆர்கெரிச்சின் முதல் தட்டோடு, 1971இல் அவர் பதிவு செய்த லிஸ்ட் சோனாட்டாவையும் சேர்த்தார்கள். முதல் தட்டுக்குச் சொந்தமில்லாத சரக்கு, ஆகவே போட்டி முழுக்க நியாயமானதல்ல. பலருக்கு அரை மணி நேரம் பிடிக்கும் சோனாட்டாவை ஆர்கெரிச் 26 நிமிடத்துக்குள் முடிக்கிறார். கட்டமைப்பு தெரிவதற்குள் தீ பரவிவிடுகிறது. வாங் நிதானமானவர். நடுவில் வரும் ஃபியூக் பகுதியில் (ஒரே மெட்டைப் பல குரல்கள் ஒன்றன்பின் ஒன்றாக எடுப்பது) ஒவ்வொரு குரலும் எங்கே நுழைகிறது என்று விரல் விட்டு எண்ணலாம். அந்தச் சோனாட்டாவை முதன்முதலாகக் கேட்பவருக்கு வாங்கைத்தான் கொடுப்பேன்.

ஒரே ஒரு தட்டுதான் வாங்க முடியும் என்றால் ஆர்கெரிச், அதுவும் பழைய எல்.பி.யின் வரிசையிலேயே. பதிவின் ஒலி கொஞ்சம் வறண்டதுதான். டொக்காட்டா தொடங்கிய பத்தாவது நொடியில் அது மறந்துபோகும்.