டிஸ்க் ஆபரேஷனுக்கு முழு மயக்கம் வேண்டாம் என்றேன்

இடுப்பில் எல்4-எல்5 டிஸ்க் (நான்காவது, ஐந்தாவது இடுப்பு முள்ளெலும்புகளுக்கு நடுவே இருக்கும் மெத்தை போன்ற தட்டு) பிதுங்கி நரம்பை அழுத்தியதால் மைக்ரோடிஸ்கெக்டமி, அதாவது சிறு கீறல் வழியாகப் பிதுங்கிய பகுதியை எடுக்கும் ஆபரேஷன், செய்துகொண்டேன். முழு மயக்கம் கொடுக்காமல், முதுகில் போட்டு உடம்பின் கீழ்ப்பாதியை மட்டும் மரக்கவைக்கும் ஸ்பைனல் ஊசியிலேயே முடிந்தது. அந்த மயக்க முறை எப்படி இருந்தது என்பதை மட்டும் இங்கே எழுதுகிறேன். மறுபடி தேவைப்பட்டாலும் இதையே கேட்பேன்.

உட்காரவைத்து முதுகை வளைக்கச் சொன்னார்கள். தோலை மரக்கவைக்கும் முதல் ஊசி மட்டும் சுருக்கென்றது. பிறகு தண்டுவடத் திரவத்துக்குள் புபிவகெயின் என்ற மரப்பு மருந்தைச் செலுத்தினார்கள். காலில் வெதுவெதுப்பு, அப்புறம் கனம். மயக்க டாக்டர் ஸ்பிரிட் பஞ்சைக் காலிலிருந்து மேலே வைத்துக்கொண்டே வந்து "ஜில்லென்று இருக்கிறதா?" என்று கேட்டார். வயிறு வரை மரத்துவிட்டது என்று உறுதியான பிறகுதான் குப்புறப் படுக்கவைத்தார்கள்.

எனக்கு மிகவும் பிடித்தது அடுத்த கட்டம்தான். கால்களை அவர்கள் திருப்பினார்கள்; முகத்தையும் கைகளையும் வாகாக வைத்துக்கொண்டது நான். முழு மயக்கத்தில் இருப்பவருக்குக் கண்ணோ முழங்கையோ அழுந்தினால் வாய் திறந்து சொல்ல முடியாது. எனக்குத் தோள் வலித்தது, சொன்னேன், உடனே தலையணையை மாற்றினார்கள். லேசான தூக்க மருந்தும் ஏறியதால் எலும்பைத் துளைக்கும் சத்தம் எங்கோ தூரத்தில் கேட்டது. இழுப்பது தெரிந்தது, வலி துளியும் இல்லை. நடுவில் ரத்த அழுத்தம் இறங்கியது. இந்த ஊசியில் அது சகஜம் என்று முன்பே சொல்லியிருந்ததால் பயப்படவில்லை.

முடிந்ததும் தொண்டை வலியோ குமட்டலோ இல்லை. ஆனால் சிறுநீர் கழிக்க முடியாமல் டியூப் போட வேண்டியதாயிற்று. அப்படி ஆகலாம் என்று யாராவது ஒரு வார்த்தை சொல்லியிருக்க வேண்டாமா? இதில்தான் எனக்குக் கோபம். சிலருக்குப் பின்னால் கடும் தலைவலியும் வரும்; எனக்கு வரவில்லை. மரப்பு இறங்கும் வரை பாதம் அசைகிறதா என்று சோதிக்க டாக்டரும் காத்திருக்க வேண்டும்.

இடுப்புப் பகுதியில் ஓரிரு மணி நேரத்தில் முடியும் ஆபரேஷன் என்றால் தயங்காமல் கேளுங்கள். கழுத்து எலும்பு ஆபரேஷனுக்கும் பல எலும்புகளைச் சேர்த்து இணைக்கும் நீண்ட ஆபரேஷனுக்கும் இது சரிவராது. ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுபவர்கள் அதை முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். இன்னொன்று: முழு மயக்கத்துக்காகத் தொண்டை வழியாக மூச்சு டியூப் போடுவது குப்புறப் படுத்திருக்கும்போது கஷ்டம். பாதியில் முழு மயக்கத்துக்கு மாற நேர்ந்தால் என்ன செய்வார்கள் என்று மயக்க டாக்டரிடம் முதல் நாளே கேட்டுவிடுங்கள். நான் கேட்டபோது அவர் பொறுமையாக விளக்கினார். அதற்குப் பிறகுதான் கையெழுத்துப் போட்டேன்.