டிர்செபடைட் ஊசி: குன்னூர்க் குளிரில் பதினோரு மாதம்

குன்னூர் பக்கம் ஒரு தேயிலை ஃபேக்டரியில் சூப்பர்வைசர் நான். வயது 48, உயரம் 165 செ.மீ., ஆரம்பித்த அன்று எடை 94 கிலோ. சர்க்கரையும் உண்டு. சர்க்கரைக்கும் எடை குறைக்கவும் வாரம் ஒரு முறை போடும் டிர்செபடைட் ஊசி 2025 மார்ச்சில் இந்தியாவுக்கு வந்தது; ஜூலையில் டாக்டர் எழுதிக் கொடுத்தார். இன்றைக்கு 79.

முதலில் நல்லது. மூன்றாவது வாரம் சாயங்கால டீயோடு நாலு வர்க்கி வந்தது. ஒன்றில் பாதியைக் கடித்து வைத்துவிட்டு மறந்துபோனேன். வீட்டில் வர்க்கி இருந்தால் அது எந்த டப்பாவில் இருக்கிறது என்று முப்பது வருடமாக மனசு சொல்லிக்கொண்டே இருக்கும். அந்தப் பேச்சு நின்றுபோனது. குடலில் சுரக்கும் ஜிஎல்பி-1, ஜிஐபி ஹார்மோன்களைப் போல இந்த மருந்து வேலை செய்கிறது. மூளைக்குப் 'போதும்' என்று சொல்கிறது, இரைப்பை காலியாவதையும் தாமதமாக்குகிறது. முன்பு ஆர்லிஸ்டாட் மாத்திரை போட்டிருக்கிறேன். தின்ற கொழுப்பில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கை உடம்பில் சேரவிடாமல் வெளியே தள்ளும். எப்போது தள்ளும் என்று சொல்லாது. வெளிர் நிற பேன்ட் போடுகிறவர்களுக்கு ஆகாது.

குமட்டல் ஆரம்ப டோஸான 2.5 மில்லிகிராமில் இல்லை. 5-க்கு ஏற்றிய இரண்டாம் நாள், இருபது வருடம் சோறு போட்ட வாசனை, புளிக்கவிட்ட இலையின் வாசனை, வயிற்றைப் புரட்டியது. அதே வாரம் மேட்டுப்பாளையம் பஸ். பதினாலு கொண்டை ஊசி வளைவு. பர்லியாறு வருவதற்குள் கண்டக்டரிடம் கவர் வாங்கியாயிற்று. அப்புறம் ஊசியைச் சனி ராத்திரிக்கு மாற்றினேன், ஞாயிறு முழுக்க ரசம் சாதம்.

அதுவாவது வந்து போகிற விருந்தாளி. படுத்தி எடுத்தது மலச்சிக்கல்தான். காரணம் பிடிபட நாலு மாதம் ஆனது. மலையில் நமக்குத் தாகம் தெரியாது. சாப்பாட்டோடு போகிற ரசமும் மோரும்தான் பாதித் தண்ணீர். சாப்பாடு குறைந்ததும் அதுவும் குறைந்தது. நவம்பர் மழையில் ஒரு நாள் எண்ணிப் பார்த்தேன்: காலையிலிருந்து ராத்திரி வரை இரண்டு டீ, அரைச் சொம்பு தண்ணீர். ஐந்து நாள் போகவில்லை. ஆறாம் நாள் ரத்தத்தைப் பார்த்து டாக்டரிடம் ஓடினேன். நல்லவேளை, வெறும் ஆசனவாய் வெடிப்பு. இப்போது ஒன்றரை லிட்டர் ஃபிளாஸ்கில் வெந்நீர், ஷிஃப்ட் முடிவதற்குள் காலியாக வேண்டும். மலைவாசிகள் இதை முதல் நாளே ஆரம்பியுங்கள்.

கொழுப்போடு தசையும் கரைகிறது. ரோட்டிலிருந்து எங்கள் வீடு 62 படி கீழே. பத்து கிலோ குறைந்தவனுக்கு ஏற்றம் சுலபமாக இருக்க வேண்டாமா? தொடை நடுங்கியது. "ஏங்க, ரசத்தைக் குடிச்சுட்டே இருந்தா கால்ல என்ன இருக்கும்?" என்றாள் மனைவி. அன்றிலிருந்து தினம் இரண்டு முட்டை, அவரைக்கொட்டைக் குழம்பு.

வயிற்று வலி முதுகுக்குப் பரவினால் கணைய வீக்கமாக இருக்கலாம், உடனே ஆஸ்பத்திரி. குடும்பத்தில் மெடுல்லரி தைராய்டு புற்றுநோய் இருந்தால் இந்த ஊசியே கூடாது. மருந்தை ஃபிரிட்ஜில் 2 முதல் 8 டிகிரியில் வைக்க வேண்டும், உறைந்தால் குப்பைதான். ஃப்ரீசரை ஒட்டி வைத்து ஒரு குப்பியை நானே பாழாக்கினேன்.

அந்தக் குப்பியை 4,375 ரூபாய்க்கு வாங்கினேன். வாரம் ஒன்று, மாதம் 17,500 ஆனது. ஜனவரியில் கைமுடை வந்து பத்து வாரம் நிறுத்தினேன். நாலு கிலோ ஏறியது, டப்பா எங்கே என்று மனசும் பேச ஆரம்பித்தது. இதைச் சோதித்தும் பார்த்திருக்கிறார்கள். 36 வாரம் போட்டு நிறுத்தியவர்களுக்கு அடுத்த 52 வாரத்தில் எடை 14% ஏறியது. தொடர்ந்தவர்களுக்கு இன்னும் 5.5% குறைந்தது. ரத்தக்கொதிப்பு மாத்திரை போல நினைத்துக்கொள் என்றார் டாக்டர். பணத்தை யார் நினைப்பது என்று நான் கேட்கவில்லை.

மறுபடி 2.5-இலிருந்து தொடங்கி 5-க்கு வந்திருக்கிறேன். அடுத்த மாதம் மேட்டுப்பாளையத்தில் ஒரு கல்யாணம். டோஸ் ஏற்றுவதை அதற்கு அப்புறம் வைத்துக்கொள்ளலாமா என்று டாக்டரிடம் கேட்டிருக்கிறேன்.