டேங்க் நிரம்பும் நேரம்: வீட்டுப் பட்டறையில் ஏழாண்டுக் கம்ப்ரசர் அனுபவம்

கோவையில் எங்கள் வீட்டுக்குப் பின்னாலுள்ள தகரக் கொட்டகையில் விடுமுறை நாள்களில் மரவேலை செய்கிறேன். அங்கே 2018 முதல் ஓடிக்கொண்டிருப்பது 2 எச்.பி. மோட்டாரும் 70 லிட்டர் டேங்கும் கொண்ட, பெல்ட்டில் இயங்கும், ஆயில் ஊற்றும் வகைக் கம்ப்ரசர், அதாவது காற்றை அழுத்தி டேங்கில் சேர்த்துவைக்கும் இயந்திரம். அதற்கு முன் ஆயில் தேவைப்படாத 24 லிட்டர் சிறிய இயந்திரம் ஒன்றை வைத்திருந்தேன். ஆணி அடிக்கும் கன்னுக்கும் தூசி ஊதுவதற்கும் அது போதுமானதாகவே இருந்தது. ஆனால் ஸ்ப்ரே கன்னை மாட்டி ஓர் அலமாரிக் கதவுக்குப் பாலிஷ் அடித்து முடிப்பதற்குள் அழுத்தம் இறங்கிப் பாலிஷ் துப்பத் தொடங்கிவிடும். அதன் சத்தத்தைப் பற்றிப் பக்கத்து வீட்டார் பொறுமையாகத்தான் பேசினார்கள்.

முதல் தடவை நான் எச்.பி.யையும் லிட்டரையும் பார்த்து வாங்கியதுதான் தவறு. பெரிய டேங்க் காற்றைச் சேமித்து வைக்குமே தவிர, கூடுதலாக உண்டாக்காது. ஸ்ப்ரே கன் போலத் தொடர்ந்து காற்றுக் குடிக்கும் கருவிக்கு நிமிடத்துக்கு எவ்வளவு காற்று கிடைக்கிறது என்பதே கணக்கு. இயந்திரத்தின் மேல் ஒட்டியிருக்கும் சி.எஃப்.எம். (நிமிடத்துக்கு எத்தனை கன அடிக் காற்று) எண்ணையும் அப்படியே நம்ப முடியாது. பெரும்பாலும் அது பிஸ்டன் தள்ளும் கொள்ளளவைச் சுழற்சி வேகத்தால் பெருக்கி வந்த எண். வால்விலும் ரிங்கிலும் கசிவது போக உண்மையில் டேங்குக்குள் சேர்வது அதைவிடக் கணிசமாகக் குறைவு.

அதைக் கடையிலேயே அளந்து பார்க்கலாம். அழுத்தம் ஒரு ‘பார்’ (ஏறத்தாழ நம்மைச் சுற்றியுள்ள காற்றின் அழுத்தம்) உயர வேண்டுமானால், டேங்கின் கொள்ளளவுக்குச் சமமான வெளிக்காற்று உள்ளே போயாக வேண்டும். ஆகவே என் 70 லிட்டர் டேங்க் 6 பாரிலிருந்து 8 பாருக்கு ஏற 140 லிட்டர் காற்றுத் தேவை. வாங்கிய அன்று அதற்கு 70 வினாடி பிடித்தது. அதாவது நிமிடத்துக்கு 120 லிட்டர், ஏறத்தாழ 4.2 சி.எஃப்.எம். ஒட்டியிருந்த எண்ணோ 7. இந்தக் கணக்கு தெரிந்ததால்தான் காற்றில் ஓடும் சாண்டர் (மரத்தைத் தேய்த்து வழவழப்பாக்கும் கருவி) வாங்கும் ஆசையை விட்டு மின்சாரச் சாண்டருக்குப் போனேன், ஸ்ப்ரே கன்னிலும் சிறிய நாசில் உள்ளதையே தேர்ந்தெடுத்தேன்.

அந்த 70 வினாடியைச் சுவரில் சாக்பீஸால் எழுதி வைத்தேன். ஆறு மாதத்துக்கு ஒருமுறை அளந்து கீழே அடுத்த எண்ணை எழுதுவது வழக்கமாயிற்று. 2022-இல் அது 95 வினாடி ஆகிவிட்டது. ஏர் ஃபில்டரில் மரத்தூள் மாவுபோல அப்பியிருந்தது; சுத்தம் செய்ததும் 88-க்கு வந்தது. மீதிக்கு, சிலிண்டரின் மேல்மூடியான ஹெட்டைக் கழற்றிப் பார்த்தால், காற்று உள்ளே வந்து வெளியேறும் வால்வுகள் இருக்கும் பிளேட் முழுக்கக் கரி. கடைக்காரர் ஒருவர் சொன்னாரென்று ஓராண்டுக்கும் மேலாக வண்டி இன்ஜின் ஆயிலை ஊற்றி வந்திருந்தேன். கம்ப்ரசருக்கென்றே விற்கும் ஆயிலில் கரி குறைவாகப் படியும், நீரும் எளிதில் பிரிந்து நிற்கும். இன்ஜின் ஆயிலில் அந்த இரண்டையும் எதிர்பார்க்க முடியாது. பிளேட்டைச் சுத்தம் செய்து, புது கேஸ்கெட் வைத்து, ஆயிலையும் மாற்றிய பிறகு 72.

மழைக்காலத்தில் தண்ணீர்தான் பெரிய தொல்லை. 30 டிகிரி வெப்பத்தில் ஒரு கன மீட்டர் காற்று சுமார் 30 கிராம் நீராவியைத் தாங்கும். அதை மீட்டர் காட்டும் 8 பாருக்கு (வெளிக்காற்றின் ஒரு பாரையும் சேர்த்தால் 9) அழுத்தும்போது கன அளவு ஒன்பதில் ஒரு பங்காகச் சுருங்குவதால், தாங்கும் நீரும் அதே விகிதத்தில் குறைந்து மீதி நீராகப் பிரிந்துவிடுகிறது. ஐப்பசி மாத ஈரக்காற்றில் என் இயந்திரம் ஒரு மணி நேரம் விடாமல் ஓடினால் கணக்குப்படி ஒரு காபி டம்ளர் அளவுக்குத் தண்ணீர் சேரும். டேங்கின் அடியில் இருந்த திருகைக் குனிந்து திறக்கச் சோம்பல்பட்டுப் பல நாள் அப்படியே விட்டிருக்கிறேன். பிறகு அதைக் கழற்றி, ஒரு குழாயை வெளியே நீட்டி பால் வால்வு பொருத்தினேன். அன்றிலிருந்து வேலை முடிந்ததும் திறந்துவிடத் தவறுவதில்லை.

நீர்ப்பிரிப்பானையும் முதலில் டேங்கை ஒட்டியே மாட்டியிருந்தேன். அங்கே காற்று சூடாக இருப்பதால் நீராவி பிரியாமல் தாண்டிப்போய், ஆறிய பிறகு ஹோஸுக்குள் துளியாகிப் பாலிஷில் வெள்ளைத் திட்டு விழச் செய்தது. இப்போது ஆறு மீட்டர் ஜி.ஐ. குழாயைச் சரிவாகக் கொண்டுபோய் அதன் முடிவில் மாட்டியிருக்கிறேன். மலிவு என்று பி.வி.சி. குழாய் போடச் சொன்னவர்கள் உண்டு. அழுத்தக் காற்றில் அது வெடித்தால் கத்திபோன்ற துண்டுகளாகச் சிதறும் என்பதால் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை.

மற்றப் பழுதுகளில் நினைவில் நிற்பது ஒன்று. மோட்டார் நின்ற பிறகும் பிரஷர் சுவிட்சின் கீழிருந்து ‘உஸ்’ என்று காற்று வந்துகொண்டே இருந்தது. மீண்டும் ஓட வேண்டிய நேரத்தில் மோட்டார் முனகிவிட்டு நின்றது. நான் சுவிட்சை மாற்றிப் பணத்தை வீணாக்கினேன். உண்மையான குற்றவாளி, டேங்க் வாயிலில் இருந்து, உள்ளே போன காற்றைத் திரும்ப விடாமல் தடுக்கும் நான்-ரிட்டர்ன் வால்வில் ஒட்டிக்கொண்டிருந்த கரித்துணுக்கு. இன்னொரு முறை நீளமான மெல்லிய எக்ஸ்டென்ஷன் வயரில் ஓட்டிக் கெபாசிட்டரை எரித்தேன். தூரத்தில் வேலை இருந்தால் வயரை நீட்டக் கூடாது, ஹோஸை நீட்ட வேண்டும்.

சேஃப்டி வால்வின் வளையத்தை மாதம் ஒருமுறை இழுத்துப் பார்க்கிறேன். சென்ற ஆண்டு டேங்கில் தண்ணீர் நிரப்பி அழுத்தச் சோதனையும் செய்வித்தேன். துரு தின்ற டேங்கில் ஓட்டை விழுந்தால் வெல்டிங் வைத்து ஓட்டும் எண்ணம் எனக்கில்லை, டேங்கையே மாற்றிவிடுவேன். கடைசியாக அளந்தபோது 74 வினாடி. காலடி ரப்பர்கள் இறுகிப்போய் இயந்திரம் தரையில் மெல்ல நகர்கிறது. அடுத்த மழைக்கு முன் அவற்றை மாற்ற வேண்டும்.