ரவுட்டருக்கு வெளியே காது வைக்க: மிரர் சுவிட்சா, டாப்பா?

ரவுட்டரில் இருக்கும் ஃபயர்வால் வெளியிலிருந்து வருவதில் தடுத்துத் தள்ளுவது என்னென்ன என்று பார்க்க வேண்டுமென்றால், ரவுட்டருக்கு உள்ளே உட்கார்ந்து பயனில்லை. ஃபைபர் பெட்டிக்கும் ரவுட்டருக்கும் நடுவே போகும் கேபிளில் காது வைக்க வேண்டும். பெட்டி பிரிட்ஜ் மோடில் (வருவதை அப்படியே கடத்திவிடும் நிலை) இருந்து, பிபிபிஓஇ லாகின் (நெட் கம்பெனியோடு யூசர்நேம், பாஸ்வேர்டு கொடுத்து இணையும் முறை) நம் ரவுட்டரில் இருந்தால்தான் இது நடக்கும். இரண்டும் ஒரே பெட்டியாக இருக்கிற வீட்டில் செருகவே இடமில்லை.

பழைய கணினியை நடுவில் பிரிட்ஜாகப் போடும் வழியை முதல் நாளே கைவிட்டேன். அது ரீஸ்டார்ட் ஆகும்போதெல்லாம் வீட்டுக்கே நெட் போனது. "என்னங்க, மறுபடியும் எதையாவது நோண்டிட்டீங்களா?" என்ற குரல் போதும்.

மிஞ்சியவை இரண்டு: மிரர் சுவிட்ச், அல்லது கேபிளின் நடுவே செருகி ஒட்டுக்கேட்கும் டாப் என்ற சின்னக் கருவி. போர்ட் மிரரிங் (ஒரு போர்ட்டில் ஓடுவதை இன்னொரு போர்ட்டில் நகலெடுத்துத் தருவது) உள்ள சின்ன சுவிட்ச் வசதியானது. டிபி-லிங்கின் டிஎல்-எஸ்ஜி105இ போன்ற 5 போர்ட் மாடலிலேயே உண்டு. போவது, வருவது இரண்டும் ஒரே போர்ட்டில் கிடைக்கும். ரவுட்டருக்கு உள்ளே கண்காணிக்க நானும் இதைத்தான் சொல்வேன். எந்த போன் எங்கே பேசுகிறது என்பது அங்கேதான் தெரியும். வெளியே நாட் (வீட்டுக் கருவிகளின் முகவரிகளை ரவுட்டர் ஒரே முகவரியாக மாற்றுவது) காரணமாக வீடு முழுக்க ஒரே முகவரி.

ஆனால் வடிகட்டாத பக்கத்தில் எனக்கு முக்கியமாகப் பட்டது ஒன்றுதான்: கேட்கிற கணினிக்கு வாய் இருக்கக் கூடாது. சுவிட்சில் அந்த வாயை அடைப்பது ஒரு செட்டிங் மட்டுமே. பாஸ்வேர்டு மறந்து ஒருநாள் நானே ரீசெட் செய்தேன். மிரர் அமைப்பு அழிந்து அது வெறும் சுவிட்ச் ஆகிவிட்டது. என் கணினி வெளிக் கம்பியில் டிஎச்சிபி வழியாக ஐபி முகவரி கேட்டுக் கத்திக்கொண்டிருந்ததை அப்புறம்தான் கவனித்தேன். விபரீதம் ஒன்றும் நடக்கவில்லை. ஆனாலும் மனசு ஒப்பவில்லை.

கிரேட் ஸ்காட் கேட்ஜெட்ஸின் த்ரோயிங் ஸ்டார் லேன் டாப்பில் செட்டிங்கே கிடையாது. அதன் இரண்டு கேட்கும் போர்ட்டுகளிலும் வாங்கும் கம்பிகள் மட்டும் இணைந்திருக்கும். அனுப்ப நினைத்தாலும் முடியாது. மின்சாரமும் வேண்டாம். கேட்கும் கணினி செத்தாலும் வீட்டு நெட் ஓடும். குறை, இணைப்பை 100 எம்பிபிஎஸ்ஸுக்கு இறக்கிவிடும். என் பிளானே அவ்வளவுதான். ஒவ்வொரு திசைக்கும் ஒரு போர்ட் என்பதால், கூடுதலாக ஒரு யுஎஸ்பி ஈதர்நெட் வாங்க வேண்டியிருந்தது.

வாய் இல்லாவிட்டாலும் விஷம் காது வழியாக வரலாம். பாக்கெட்டைப் பிரித்துப் படிக்கும் மென்பொருளில் ஓட்டைகள் கண்டுபிடிக்கப்பட்டதுண்டு. அதனால் அந்தக் கணினியில் பாக்கெட்டுகளைப் பிடிக்கும் டிசிபிடம்ப் மென்பொருள் கோப்பாக எழுதுவதோடு சரி. பிரித்துக் காட்டும் வயர்ஷார்க்கில் திறப்பது வேறு கணினியில், ரூட் (முழு அதிகாரம்) அல்லாத கணக்கில். முழுசாகப் பிடித்தால் 100 எம்பிபிஎஸ்ஸில் ஒரு திசைக்கே மணிக்கு 45 ஜிபி வரை போகும். பாக்கெட்டுக்கு முதல் 128 பைட் போதும், மிச்சம் பெரும்பாலும் குறியாக்கம்தான். இன்னொன்று: பாக்கெட்டுகள் பிபிபிஓஇ உறைக்குள் இருப்பதால், டெல்நெட்டைத் (பாதுகாப்பில்லாத பழைய தொலைவழி லாகின்) தேட டிசிபிடம்ப்பில் வெறும் 'போர்ட் 23' என்று வடிகட்டினால் ஒன்றும் சிக்காது. முன்னால் 'பிபிபிஓஇஎஸ்' சேர்க்க வேண்டும். இது தெரியாமல் ஒரு மாலை போயிற்று.

தனி பப்ளிக் ஐபி இருப்பதால் 2016-இல் மிராய் என்ற தீநிரல் தட்டிய அதே டெல்நெட் கதவை இன்றும் யாராவது தட்டுவதைப் பார்க்கிறேன். சிஜிநாட் இணைப்பில் (பல வீடுகளுக்கு நெட் கம்பெனி ஒரே பப்ளிக் ஐபியைப் பகிர்ந்து தருவது) இந்தத் தட்டல் வந்து சேராது. அங்கே இவ்வளவு மெனக்கெட வேண்டியதில்லை.

ஜிகாபிட் டாப் நான் தொட்டதில்லை, விலையைப் பார்த்ததோடு சரி. பிளானை 300 எம்பிபிஎஸ்ஸுக்கு ஏற்றினால் சுவிட்சுக்கே திரும்ப வேண்டியிருக்கும். ரீசெட் ஓட்டையில் டேப் ஒட்டித்தான்.